வீட்டுக் குப்பையும் காட்டுயிர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் குப்பையைக் குறைப்பது பற்றி யாரிடம் பேச ஆரம்பித்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். நான் விஞ்ஞானி இல்லை. பல வருடமாக வீட்டில் உரத்தொட்டி வைத்திருக்கிறேன், அடிபட்ட பறவைகளைக் காப்பகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் தெரிந்துகொண்டதும், ஆராய்ச்சிகளில் உறுதியாகச் சொல்லப்பட்டதும் சேர்ந்ததுதான் இது.

எங்கள் வீட்டைச் சுற்றிக் காடே இல்லை. என் குப்பையால் எந்த விலங்குக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

குப்பை வண்டி வந்து எடுத்துக்கொண்டு போனதும் நம்மைப் பொறுத்தவரை வேலை முடிந்தது. ஆனால் அந்த வண்டி போய்க் கொட்டுகிற இடம் பல ஊர்களில் ஊருக்கு வெளியே, ஒரு காட்டின் ஓரமாகவோ சதுப்பு நிலத்தின் பக்கத்திலோ இருக்கிறது. அங்கே வருகிற விலங்கு பிளாஸ்டிக்கைத் தேடி வருவதில்லை, சாப்பாட்டு வாசனையைத் தேடி வருகிறது. மிச்சமான சாப்பாட்டை ஒரு பையில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டு எறிந்தால் யானைக்கோ மானுக்கோ அந்த முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, பையோடு சேர்த்து விழுங்கிவிடும். இலங்கையில் அம்பாறை மாவட்டத்தில் பள்ளக்காடு என்ற இடத்துக் குப்பைமேட்டில் இப்படித்தான் எட்டு வருடத்தில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்துபோயின என்று 2022-இல் செய்தி வந்தது. பிரேதப் பரிசோதனையில் வயிற்றுக்குள் கிடந்தவை பாலிதீன் பைகள், சாப்பாடு சுற்றிவந்த உறைகள். எல்லாம் நாம் தினமும் கையில் எடுக்கிற பொருட்கள்தான்.

கடலிலும் இதே கதை. 2019 மார்ச்சில் பிலிப்பைன்ஸில் கரை ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்தின் வயிற்றில் 40 கிலோ பிளாஸ்டிக் இருந்தது. கடலாமை பையைப் பார்த்து ஜெல்லிமீன் என்று ஏமாறுகிறது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது பாதிதான். தண்ணீரில் கொஞ்ச நாள் மிதந்த பிளாஸ்டிக்கின் மேல் பாசியும் நுண்ணுயிர்களும் படிந்து, அதிலிருந்து ஆமையின் இரைக்கு உண்டான வாசனையே வருகிறது. 2020-இல் வெளியான ஒரு ஆராய்ச்சியில் பெருந்தலைக் கடலாமைகள் அந்த வாசனைக்கும் உண்மையான இரையின் வாசனைக்கும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டன. இதைப் படித்த பிறகு ‘விலங்குக்கு அறிவில்லையா, பிளாஸ்டிக்கைத் தின்கிறதே’ என்று யாராவது சொன்னால் எனக்குத் தாங்குவதில்லை.

சரி, ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் எதைச் செய்வது?

ஈரக் குப்பையை மற்ற குப்பையோடு கலக்காதீர்கள். வேறு எதுவும் செய்யாவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் செய்யுங்கள்.

மேலே சொன்ன சங்கிலி முழுவதும் வாசனையில்தான் தொடங்குகிறது. காய்கறித் தோல், பழத்தோல், மிச்சச் சாப்பாடு எல்லாம் தனியாகப் போய்விட்டால் மீதிக் குப்பையில் விலங்குக்கு வேலையே இல்லை. அப்புறம், கலக்காத குப்பையில் இருக்கிற காகிதமும் டப்பாவும் காய்ந்து சுத்தமாக இருக்கும், பொறுக்குகிறவர் எடுப்பார், விலைக்குப் போகும். ஈரம் பட்ட காகிதத்தை யாரும் எடுப்பதில்லை. மூன்றாவதாக மீத்தேன் வாயு. குப்பைமேட்டின் அடியில் காற்று புகாமல் அழுகும் சாப்பாட்டிலிருந்து வருவது அதுதான். நூறு வருடக் கணக்கில் பார்த்தால் புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 25 மடங்குக்கும் மேல் வலுவானது.

அதற்கும் முந்தின படி சாப்பாட்டை வீணாக்காமல் இருப்பது. ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி 2022-இல் மட்டும் உலகத்தில் 105 கோடி டன் உணவு வீணானது, அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து. உணவகங்களும் கடைகளும்தான் அதிகம் கொட்டுகின்றன என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். வாங்குவதற்கு முன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து ஒரு தடவை பார்ப்பது, பழையதை முன்வரிசைக்கு இழுத்து வைப்பது, இந்த இரண்டு பழக்கம் எங்கள் வீட்டில் ஈரக் குப்பையைக் கண்ணில் தெரியும் அளவுக்குக் குறைத்தது.

உரத்தொட்டி வைத்துப் பார்த்தேன். நாறுகிறது, புழு வைக்கிறது, விட்டுவிட்டேன். என்ன தப்பு?

பெரும்பாலும் ஒரே தப்புதான்: காய்ந்த பொருள் போதவில்லை. சமையலறைக் கழிவில் தண்ணீரும் நைட்ரஜனும் அதிகம். அதைத் தின்று மக்கச் செய்யும் நுண்ணுயிர்களுக்குக் கூடவே கரிமமும் காற்றும் வேண்டும். நைட்ரஜன் ஒரு பங்கு என்றால் கரிமம் 25 முதல் 30 பங்கு. இந்தக் கணக்கை வீட்டில் யாரும் போட வேண்டாம். ஒரு கை ஈரக் கழிவுக்கு இரண்டு கை காய்ந்த இலையோ, கிழித்த அட்டைப்பெட்டியோ, சாயம் ரசாயனம் படாத மரத்தூளோ போடுங்கள், போதும். எப்போதும் மேல் அடுக்கு காய்ந்ததாக இருக்க வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால், பிழிந்து முடித்த துணி மாதிரி ஈரம் இருக்கணும், சொட்டக் கூடாது. வாரத்தில் ஒன்றிரண்டு தடவை கிளறி விடுங்கள்.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றுப் போகவில்லை என்று அர்த்தம், கிளறி இலை சேருங்கள். மூக்கைக் குத்துகிற அம்மோனியா வாடை வந்தால் பச்சைக் கழிவு அதிகம், மறுபடியும் இலைதான். ஒன்றுமே மக்காமல் அப்படியே கிடந்தால் காய்ந்துவிட்டது, கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள்.

புழு என்று நீங்கள் சொல்வது பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ, தடித்து, பட்டை பட்டையாக இருந்தால் பயப்படாதீர்கள். அது பார்க்கக் கறுப்புக் குளவி போல இருக்கும் ஒரு ஈயின் புழு, அந்த ஈ கடிக்காது, சாப்பாட்டிலும் வந்து மொய்க்காது. உங்கள் கழிவை உங்களைவிட வேகமாகக் காலி செய்யும். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் ஈரத்தைக் குறையுங்கள், தானாகக் குறைந்துவிடும்.

இறைச்சி, மீன், எலும்பு, எண்ணெய் மிதக்கும் சாப்பாடு, வளர்ப்பு விலங்கின் மலம் இவற்றை வீட்டுத் தொட்டியில் போட வேண்டாம். பெரிய குவியலில் உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறி நோய்க்கிருமிகள் சாகும், வீட்டில் வைக்கிற சின்னத் தொட்டியில் அந்தச் சூடு பெரும்பாலும் வராது. தவிர அந்த வாசனை எலியையும் நாயையும் கூப்பிடும். தொட்டி தரையில் இருந்தால் அடியில் ஆறு மில்லிமீட்டருக்கும் சின்னக் கண்ணுள்ள கம்பி வலை போடுங்கள், மேலே கனமான மூடி.

இரண்டு மூன்று மாதத்தில் மழை பெய்த மண் வாசனை வரும். வந்துவிட்டால் தயார்.

தோட்டம் இல்லை, மாடியும் இல்லை.

மூடியுள்ள ஒரு வாளியில் மண்புழு உரம் செய்யலாம், ஒரு மூலை போதும். அதுவும் முடியாது என்றால் பக்கத்தில் தோட்டம் வைத்திருக்கிறவரிடம் கேளுங்கள், ஈரக் கழிவை வாங்கிக்கொள்ளப் பலர் சந்தோஷமாகவே சம்மதிப்பார்கள்.

எல்லாவற்றையும் மறுசுழற்சிக்குத்தான் போடுகிறேன். அது போதாதா?

போதாது, இதை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். 2015 வரை உலகத்தில் உண்டான பிளாஸ்டிக் கழிவு சுமார் 630 கோடி டன். அதில் மறுசுழற்சியானது 9 சதவீதம், எரிக்கப்பட்டது 12 சதவீதம், மிச்சம் 79 சதவீதம் குப்பைமேட்டிலோ வெளியில் நிலத்திலும் நீரிலுமோ கிடக்கிறது. 2017-இல் வந்த ஆராய்ச்சியின் கணக்கு இது. மறுசுழற்சிப் பெட்டியில் போட்டதும் மனசு லேசாகிவிடுகிறது, அந்த லேசு நம்மை இன்னும் ஒன்று வாங்க வைக்கிறது.

ஆனாலும் பொருளுக்குப் பொருள் வித்தியாசம் உண்டு. அலுமினியத்தை உருக்கித் திரும்பச் செய்ய, தாதுவிலிருந்து புதிதாக எடுக்கிறதில் இருபதில் ஒரு பங்கு மின்சாரமும் எரிபொருளும் போதும், எத்தனை தடவையும் உருக்கலாம். கண்ணாடி, இரும்பு, காய்ந்த அட்டை இவையும் நன்றாகவே திரும்பி வரும். பளபளக்கும் தின்பண்ட உறை பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது, பிரிக்கவே முடியாது. அதைக் குறைக்க ஒரே வழி வாங்காமல் இருப்பதுதான்.

பழைய கைப்பேசி, சார்ஜர், பேட்டரி இவற்றைச் சாதாரணக் குப்பையில் போடாதீர்கள். லித்தியம் பேட்டரி நசுங்கினால் குப்பை வண்டியிலேயே தீப்பிடிக்கும். 2022-இல் உலகத்தில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்னணுக் கழிவில் முறைப்படி சேகரித்ததாகக் கணக்கில் வந்தது கால் பங்குகூட இல்லை.

துணிப்பை, மக்கும் பிளாஸ்டிக் பை: எது நல்லது?

ஏற்கெனவே வீட்டில் இருக்கிற பை. அது எந்தப் பையாக இருந்தாலும் சரி.

பருத்தி விளைவிக்கத் தண்ணீரும் நிலமும் ஏராளமாகச் செலவாகிறது. பிரிட்டன் அரசின் 2011 ஆய்வுப்படி, ஒரு தடவை பயன்படுத்தி எறியும் மெல்லிய பைக்குச் சமமாக வர, புவி வெப்பத்தை மட்டும் வைத்துப் பார்த்தாலே, ஒரு பருத்திப் பையை 131 தடவை பயன்படுத்த வேண்டும். ஒரே பையை வருடக் கணக்கில் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு இது ஒரு கணக்கே இல்லை. ஆனால் விழாவுக்கு விழா இலவசமாகக் கொடுக்கும் துணிப்பைகளை வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்திருந்தால் அதில் லாபம் ஒன்றும் கிடையாது.

மக்கும் பிளாஸ்டிக் என்று அச்சடித்தவற்றை நம்பி மண்ணில் போடாதீர்கள். சோள மாவிலிருந்து செய்யும் பிஎல்ஏ வகை மக்க, தொழிற்சாலை அளவில் 58 டிகிரி வாக்கில் சூடு வேண்டும். இங்கிலாந்தில் பிளிமத் பல்கலைக்கழகத்தில் ‘மக்கும்’ என்று எழுதியிருந்த பையை மூன்று வருடம் மண்ணில் புதைத்து எடுத்தார்கள். 2019-இல் முடிவை வெளியிட்டபோது அந்தப் பையில் அப்போதும் சாமான் போட்டுத் தூக்க முடிந்தது. ஆமைக்கு அது சாதாரணப் பைதான்.

குப்பையில் போடும் முன் விலங்குகளுக்காக வேறு என்ன கவனிக்க வேண்டும்?

வளையமாக இருக்கிற எதையும் வெட்டிவிடுங்கள்: ரப்பர் பேண்ட், முகக்கவசத்தின் காது நாடா, பாட்டில் கழுத்து வளையம். அகல வாய் டப்பாவைக் கழுவி மூடி போட்டு எறியுங்கள், உள்ளே இருக்கிற கொஞ்சத்தை நக்கத் தலையை விட்டு மாட்டிக்கொண்ட விலங்கால் தண்ணீர்கூடக் குடிக்க முடியாது. தகர டப்பாவின் வாயை மடக்கி நசுக்குங்கள்.

நூலும் தலைமுடியும் தனி விஷயம். நகரத்துப் புறாக்களைக் கவனித்தால் சிலவற்றுக்குக் கால்விரல் இருக்காது. அது பிறவிக் குறை கிடையாது. நூலோ முடியோ காலில் சுற்றி, நடக்க நடக்க இறுகி, ரத்தம் ஓடாமல் விரல் காய்ந்து விழுந்துவிடுகிறது. நான் ஒரு புறாவின் இரண்டு காலிலிருந்தும் சின்னக் கத்தரிக்கோலால் நூலை வெட்டி எடுக்க ஒரு மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து சீப்பில் வரும் முடியை உருட்டி ஜன்னல் வழியே எறிவதை வீட்டில் எல்லோரும் நிறுத்தினோம், நூலைச் சின்னச் சின்னதாக வெட்டித்தான் போடுகிறோம்.

பலூனை ஆகாயத்தில் பறக்கவிடுவதை நிறுத்துங்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு கடற்பறவை கெட்டியான பிளாஸ்டிக் துண்டை விழுங்குவதைவிட பலூன் துண்டை விழுங்கினால் சாகும் வாய்ப்பு 32 மடங்கு அதிகம். மெல்லிய ரப்பர் குடலில் போய் அடைத்துக்கொள்கிறது.

வீட்டில் எலி. விஷம் வைக்காமல் எப்படிச் சமாளிப்பது?

விஷம் தின்ற எலி அங்கேயே விழுந்து சாவதில்லை. இப்போது கடைகளில் அதிகமாக இருப்பது புரோடிஃபாகூம், புரோமடியோலோன் போன்ற, ரத்தம் உறையாமல் செய்யும் விஷங்கள். தின்ற எலி சாகச் சில நாள் ஆகும். அந்தச் சில நாளும் அது தள்ளாடிக்கொண்டு வெட்டவெளியில் திரியும், கூகை என்ற ஆந்தைக்கு அதைவிடச் சுலபமான இரை கிடையாது. எலியின் ஈரலில் இருக்கிற விஷம் கூகையின் ஈரலுக்குப் போய் மாதக்கணக்கில் தங்கும், அடுத்த எலி, அடுத்த எலி என்று சேர்ந்துகொண்டே போகும். தெருவிலேயே சம்பளமில்லாமல் எலி பிடிக்கிற பறவையை இப்படி நாமே கொன்றுவிடுகிறோம், அப்புறம் எலி இன்னும் பெருகுகிறது.

பசை அட்டை அதைவிடக் கொடுமை என்பது என் கருத்து. பல்லி, சிட்டுக்குருவி, ஓணான், எது மிதித்தாலும் ஒட்டிக்கொண்டு பசியிலும் பயத்திலும் மெல்ல மெல்லச் சாகிறது. பறவை ஒட்டிக்கொண்டதைப் பார்த்தால் இழுக்காதீர்கள், எண்ணெயும் தடவாதீர்கள், இறகு பாழாகிவிடும். சுற்றியிருக்கிற பசையின் மேல் காகிதத்தை ஒட்டிவிட்டு, அட்டையோடு சேர்த்துப் பறவையைக் காப்பகத்துக்குக் கொண்டுபோங்கள்.

சரி, வேறு வழி? எலி வருவது சாப்பாட்டுக்காக, அதனால் முதல் வேலை மறுபடியும் அந்த ஈரக் குப்பைதான்: இரவில் திறந்த வாளி இருக்கக் கூடாது. தானியத்தைத் தகரத்திலோ கண்ணாடியிலோ வையுங்கள். அப்புறம் வழியை அடையுங்கள். சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் இடைவெளி போதும், பெரிய எலிக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். கதவுக்கு அடியில், குழாய் சுவருக்குள் போகும் இடத்தில், பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினால் அதைக் கடித்து வராது. இத்தனைக்கும் பிறகு உள்ளே மாட்டிக்கொண்ட ஒன்றிரண்டுக்கு எலிப்பொறி வையுங்கள்.

காலாவதியான மாத்திரைகளை என்ன செய்வது?

கழிவறையில் போட்டு நீர் ஊற்றாதீர்கள், நேராக ஆற்றுக்குத்தான் போகும், சுத்திகரிப்பு நிலையங்கள் மருந்தை முழுதாகப் பிரிப்பதில்லை. திரும்ப வாங்கிக்கொள்ளும் மருந்துக்கடை இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லையென்றால் அட்டையிலிருந்து பிரித்து, மண்ணோடு கலந்து, மூடிய டப்பாவில் போட்டு எறியுங்கள். மண் கலப்பது எந்த விலங்கும் தின்றுவிடக் கூடாது என்பதற்காக.

ஒரு மருந்து என்ன செய்யும் என்பதற்குப் பிணந்தின்னிக் கழுகுகளைப் பாருங்கள். டைக்ளோஃபெனாக், நாம் மூட்டுவலிக்கு விழுங்கும் அதே மருந்து, மாடுகளுக்கும் போடப்பட்டது. அந்த மாடு செத்த பின் அதைத் தின்ற கழுகுகளுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 1990-களின் தொடக்கத்திலிருந்து 2007-க்குள் இந்தியாவில் வெண்முதுகுக் கழுகுகள் 99 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோயின. காரணம் என்னவென்று 2004-இல்தான் உறுதியானது.

தனி ஆள் நான் ஒருவன் செய்து என்ன மாறப்போகிறது? கம்பெனிகளைக் கேளுங்கள்.

கேட்கத்தான் வேண்டும். 2006-இல் இந்தியா, நேபாளம், பாகிஸ்தான் மூன்றும் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தன, அதன் பிறகுதான் கழுகுகளின் சரிவு மட்டுப்பட்டது. சட்டம் செய்கிற வேலையை நம் வாளி செய்யாது. ஆனால் உங்கள் வீட்டுச் சாப்பாட்டுப் பை உங்கள் வீட்டுப் பைதான், அதை ஒரு மான் விழுங்காமல் தடுக்க எந்தச் சட்டமும் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இரண்டையும் செய்யுங்கள்.

கூட இருக்கிறவர்கள் ஒத்துழைக்கவில்லை என்றால் வாளியின் இடத்தை மாற்றிப் பாருங்கள். காய் நறுக்குகிற இடத்திலேயே ஈரக் குப்பை வாளி இருந்தால் சொல்லாமலேயே அதில் விழும். நான் ஆறு மாதம் சொல்லி நடக்காதது, வாளியை நகர்த்திய வாரத்தில் நடந்தது.

எங்கள் பூனை எலி மட்டும்தான் பிடிக்கும். அதை ஏன் கட்டிப்போட வேண்டும்?

வீட்டுக்குக் கொண்டு வருவதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள், கொல்வதில் பெரும்பங்கு வெளியிலேயே கிடந்துவிடும். அமெரிக்காவில் மட்டும் பூனைகள் வருடத்துக்கு 130 கோடி முதல் 400 கோடி பறவைகளைக் கொல்வதாக 2013-இல் மதிப்பிட்டார்கள், அதில் பெரும்பகுதி உரிமையாளர் இல்லாத பூனைகளின் வேலை. வீட்டுக்குள் வளர்ப்பது பூனைக்கும் பாதுகாப்பு. முடியாது என்றால் இன்னொரு வழி உண்டு: 2021-இல் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனையில், இறைச்சி அதிகமுள்ள உணவு கொடுத்த பூனைகள் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது, தினமும் ஐந்து பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டிய வீடுகளில் 25 சதவீதம். கருத்தடையும் செய்துவிடுங்கள்.

ஜன்னலில் பறவைகள் மோதுகின்றன. பருந்துப் படம் ஒட்டியும் நிற்கவில்லை.

ஒரு படம் ஒட்டினால் பறவை அதை விட்டு விலகிப் பக்கத்துக் கண்ணாடியில் மோதும். அதற்குத் தெரிவது கண்ணாடியில் பிரதிபலிக்கிற வானமும் மரமும்தான். கண்ணாடியின் வெளிப்பக்கம் முழுவதும் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளியோ கோடோ இருந்தால் அந்த இடைவெளியில் நுழைய முடியாது என்று பறவைக்குப் புரிகிறது. சோப்புக்கட்டியால் கோடு போட்டாலும் வேலை செய்யும், மழை பெய்தால் திரும்பப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இரவு வெளிவிளக்கையும் இதோடு கவனியுங்கள். தேவையில்லாத நேரத்தில் அணையுங்கள், தேவையானதற்குக் கீழ்நோக்கிய மூடி போட்டு மஞ்சள் ஒளி விளக்கு மாட்டுங்கள். பூச்சிகள் விளக்கைச் சுற்றிச் சுற்றியே களைத்துச் சாகின்றன. கடற்கரை வீடு என்றால் ஆமைக்குஞ்சு பொரிக்கும் மாதங்களில் கடல் பக்கம் வெளிச்சமே தெரியக் கூடாது, குஞ்சு பிரகாசமான திசையைக் கடல் என்று நினைத்து நகரும்.

பறவைகளுக்குச் சாப்பாடு வைக்கலாமா?

தண்ணீர் வையுங்கள். இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழமுள்ள அகலத் தட்டு, ஏறி உட்கார நடுவில் ஒரு கல், தினமும் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர். தினம் மாற்றினால் கொசுவும் வளராது.

சாப்பாட்டில் எனக்குத் தயக்கம் உண்டு. ஒரே தட்டில் நிறைய பறவைகள் கூடினால் நோய் பரவும்; பிரிட்டனில் 2005-இல் தொடங்கிய தொற்று ஒன்று கிரீன்ஃபிஞ்ச் என்ற சிறு பறவைகளை லட்சக்கணக்கில் கொன்றது, அது பரவியதில் தீனித் தட்டுகளுக்கும் பங்கு உண்டு. வைத்தே தீர வேண்டும் என்றால் கொஞ்சமாக, தானியமாக வையுங்கள், தட்டை அடிக்கடி கழுவுங்கள், நோயுற்ற பறவையைப் பார்த்தால் சில வாரம் நிறுத்திவிடுங்கள். பூ, காய், விதை தரும் செடி ஒன்றைப் பூச்சிக்கொல்லி அடிக்காமல் வளர்த்தால் இந்தக் கவலை எதுவும் கிடையாது. குரங்கு, மான், நரி போன்றவற்றுக்கு ஒருபோதும் கொடுக்காதீர்கள், மனிதரைக் கண்டால் சாப்பாடு என்று பழகிய விலங்கு கடைசியில் வண்டியில் அடிபட்டோ, தொல்லை என்று பிடிக்கப்பட்டோதான் சாகிறது.

பறவைக் குஞ்சு ஒன்று கீழே கிடக்கிறது. இப்போது என்ன செய்ய?

முதலில் இறகைப் பாருங்கள். உடம்பு முழுக்க இறகு முளைத்து, தத்தித் தத்திப் போகிறது என்றால் அது பறக்கப் பழகும் குஞ்சு, விழுந்த குஞ்சு இல்லை. தாய் பக்கத்தில்தான் இருக்கும். பூனை நாய் வராமல் பார்த்து, பக்கத்துப் புதரிலோ தாழ்ந்த கிளையிலோ வைத்துவிட்டு, தூரமாகப் போய்விடுங்கள். நீங்கள் நின்றுகொண்டிருந்தால் தாய் வராது.

இறகு இல்லாமல் தோல் தெரிந்தால் கூட்டைத் தேடித் திரும்ப வையுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை, பயப்படாமல் எடுங்கள். கூடு சிதைந்திருந்தால் அடியில் ஓட்டை போட்ட ஒரு சின்னக் கூடையில் காய்ந்த புல் வைத்து அதே மரத்தில் கட்டுங்கள்.

ரத்தம் வந்தாலோ, இறக்கை தொங்கினாலோ, பூனை வாயில் அகப்பட்டிருந்தாலோ வெளியே காயம் தெரியாவிட்டாலும் காப்பகத்துக்கோ கால்நடை மருத்துவரிடமோ உடனே கொண்டுபோக வேண்டும், பூனையின் பல் பட்ட இடத்தில் கிருமி சீக்கிரம் ஏறும். அதுவரை காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டிக்குள் துணி விரித்து, இருட்டாக, வெதுவெதுப்பாக, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.